பின்சக்கரத்து எலுமிச்சம்பழம்

ஒரு நாள் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் புத்தம் புதுக் கார் ஒன்று வந்து நின்றது. ஷோரூம்காரர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, சாவியை, காரை வாங்கிய தணிகாசலத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாலை போட்டாயிற்று, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. குருக்கள் நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

மூன்று பழங்கள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. இடது பின்சக்கரத்தை ஒட்டிக் கிடந்த நாலாவது இருக்கிறதே, அதற்குத்தான் பிறந்ததிலிருந்தே வாய் சும்மா இருக்காது.

“ஏண்ணே, நீதான் இந்த வண்டியை ஓட்டுறியா?” என்று டயரைக் கேட்டது.

“நானா? எனக்கு ஏது அவ்வளவு தெம்பு? எஞ்சின் முன்னால இருக்கிற ரெண்டு டயரைச் சுத்திவிடும். அவங்க இழுத்தா நான் பின்னாடியே உருளுவேன். அவ்வளவுதான் என் பிழைப்பு.”

“அப்போ என்னை நசுக்கப்போறது நீதானா?”

“ஆமா. தப்பா எடுத்துக்காதே.”

எலுமிச்சை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது.

தணிகாசலம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கியர் போட்டார். கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

“ஏன் நின்னுபோச்சு?”

“என்னாலதான்,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ஹேண்ட்பிரேக். “பின்டயர் ரெண்டையும் நான்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன். எஞ்சின் என்ன கத்தினாலும், என்னைக் கீழே இறக்காம வண்டி நகராது.”

“அது அவருக்குத் தெரியாதா?”

“டிரைவிங் ஸ்கூல்ல என்னையெல்லாம் மாஸ்டரே பார்த்துப்பார். இவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சதோட சரி.”

“பக்கத்துல கேட்கலாமே?”

“பக்கத்துல யாரு? மச்சினன். அவன்கிட்ட, ‘எனக்கு எல்லாம் அத்துப்படி’ன்னு அளந்து விட்டிருக்கார். இப்போ கேட்டா மானம் போயிடுமே!” ஹேண்ட்பிரேக் குரலைத் தாழ்த்தியது. “உனக்கு நல்லதுதான். அவர் கேட்காத வரைக்கும் நீ உயிரோட இருப்பே.”

எலுமிச்சைக்குப் பகீரென்றது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

வண்டி மறுபடியும் அணைந்தது. மச்சினன் சேது சிரித்தான். “அத்தான், இறங்கித் தள்ளட்டுமா?”

தணிகாசலத்துக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. குருக்கள் சன்னிதியில் ஏதோ வேலை இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவி மறுபடி திரும்பியது, எஞ்சின் மறுபடி கத்தி ஓய்ந்தது.

எலுமிச்சையின் ஆயுள் நீண்டுகொண்டே போனது. ஆனால் அந்த மனிதரை நினைத்தால் அதற்குப் பாவமாக இருந்தது. ஒரே ஒரு கேள்விக்கு இவ்வளவு அவஸ்தையா?

“கேட்டுடுங்களேன் சார்,” என்று தன்னையறியாமல் முணுமுணுத்தது.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றது டயர்.

“என்னவோ, என்னால பார்த்துக்கிட்டிருக்க முடியலைண்ணே.”

மேலே தணிகாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கைத் தொட்டுக் காட்டிச் சன்னமான குரலில் கேட்டார்.

“மாப்ளே... இது எதுக்குடா?”

சேது இப்போது சிரிக்கவில்லை. “அதைக் கீழே இறக்கிட்டு எடுங்க அத்தான். நானும் முதல் நாள் இதைத்தான் மறந்தேன்.”

ஹேண்ட்பிரேக் இறங்கியது. எஞ்சின் உறுமியது. டயருக்கு மனசே வரவில்லை.

“வரட்டுமாடா?”

“வாண்ணே,” என்றது எலுமிச்சை. “நீ உருளுறதை நான் இன்னும் பார்க்கவே இல்லையே!”