கடைசித் தாள் பெட்டி

மடத்துக்கு வருமுன் வைரவன் நெல் கிடங்கில் காவல் இருந்தவன். எலியையும் நம்பமாட்டான், எலி பிடிக்கிற பூனையையும் நம்பமாட்டான். அவனிடம் போய் மடத்து நூலகத்தை ஒப்படைத்தார் குரு! ஊரார் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கட்டும் என்பது அவர் ஆசை.

வைரவனுக்கோ வருகிறவர்கள் எல்லாம் திருடர்களாகவே தெரிந்தார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான் பாருங்கள். ஒவ்வொரு கதைப் புத்தகத்திலும் கடைசித் தாளைப் பிளேடால் பக்குவமாக அறுத்தெடுத்துப் பெட்டியில் பூட்டினான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் முடிவைப் படிக்கலாம். சாவி அவன் இடுப்பில்.

ஒருநாள் பீடி சுற்றும் செல்லக்கனி வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"சாமி, அந்தக் கப்பல்காரன் கதையோட கடைசித் தாளை மட்டும் குடுங்க. வாசிச்சிட்டுத் தந்திருதேன்."

"புத்தகம் எங்கே?"

"மேலத்தெருவுல இருக்கு. நான் வாசிக்க வாசிக்க எங்க தெருவே பீடி சுத்திக்கிட்டு கேட்டுச்சு. அதக் கேள்விப்பட்டு அந்தத் தெருக்காரவுக வாங்கிட்டுப் போயிட்டாக. இப்ப அங்கயும் சுவத்துல ஒரு பலகை அடிச்சு, நாலஞ்சு புத்தகம் சேத்து வச்சிருக்காக."

"ஓஹோ! தாளும் கைக்கு வந்துட்டா முழுப் புத்தகமும் உங்களுக்கு. நல்லா இருக்கே!"

"ஐயோ, அப்படி இல்ல சாமி. எங்க அண்ணன் வீட்டு மைனிக்கு நாளைக்கு ஆப்பரேசன். முடிவு தெரியாம ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம்பிடிக்கா."

வைரவன் நம்பவில்லை. மைனி, ஆப்பரேசன் எல்லாமே இரண்டு தெருவும் சேர்ந்து பேசிவைத்த ஏற்பாடு என்று பட்டது. விறுவிறுவென்று குருவிடம் போனான். செல்லக்கனியும் பின்னாலேயே போனாள்.

"குருவே, தெருத் தெருவாகத் திருடுகிறார்கள். நூலகத்தை இன்றோடு மூடிவிடலாமா?"

குரு பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மூடலாம். அதற்கு முன்னால் ஒரு கதை கேள். ஒருவனிடம் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே என்ன என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். ஊரில் வெள்ளம் வந்தது. பெட்டியோடு கூரைமேல் ஏறினான். ஓடக்காரன் வந்து, 'ஒரு இடம்தான் இருக்கிறது. நீ வருகிறாயா, பெட்டியை ஏற்றுகிறாயா?' என்றான். தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது."

சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அப்புறம்?" வைரவன் பதறினான். "எதை ஏற்றினான்? பெட்டியில் என்ன இருந்தது?"

"கதையைத் திருப்பிக் கொடு. முடிவைச் சொல்கிறேன்."

"இதென்ன குருவே அநியாயம்! காதில் விழுந்த கதையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?"

குரு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியானால் நீயும் திருடன்தானா?"

வைரவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் செல்லக்கனியிடம் நீட்டினான்.