கொப்பரையில் வெட்டிய பெயர்

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி. ஊருக்கே அவர் அம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் குற்றாலலிங்கம், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. அம்மையைவிடப் பதினான்கு வயது மூத்தவர். காவி கட்டி இரண்டு வருடம் ஆகியும் அம்மை அவரை ஏட்டையா என்றே கூப்பிட்டார்.

தெருவில் இரண்டு வீட்டில் களவு போயிற்று. ஏட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மை, நம்ம பாத்திரம் ஒண்ணுலயும் பேர் இல்ல."

"சோறு வேகுதுல்ல?"

"வெளையாடாதீங்க. திருடனைப் பிடிச்சாலும், இது உங்களுதுதான்னு என்ன அடையாளம்னு கேப்பான். ஸ்டேஷனுக்குப் பின்னால கேக்க ஆளில்லாம பச்சை பூத்துக் கெடந்த குடத்தையும் குத்துவிளக்கையும் நான் எத்தனை பாத்திருக்கேன்."

"சரி, வெட்டுங்க."

பாத்திரக் கடையிலிருந்து பெயர் வெட்டும் மிஷினை வாடகைக்குக் கொண்டுவந்தார். குருபூஜை முடிந்த மூன்றாம் நாள் அது. சாமான் அறையில் உட்கார்ந்து இரண்டு பகல் முழுக்க வெட்டினார். அண்டா, தவலை, விளக்கு, கரண்டி வரைக்கும் மடத்தின் பெயர். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். கடைசியில் வாசலில் ஒரு பலகையும் தொங்கியது: 'இங்குள்ள எல்லாப் பொருளிலும் பெயர் வெட்டப்பட்டுள்ளது.'

"திருடனுக்கு வாசிக்கத் தெரியணுமே" என்றார் அம்மை.

"இப்பல்லாம் படிச்சவன்தான் வாரான்."

வந்தவன் வாசிக்கவில்லை போலிருக்கிறது. தேரோட்டத்துக்கு எல்லோரும் போயிருந்த பகலில் சாமான் அறையைத் துடைத்துவைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏட்டு பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, படங்களோடு புகார் கொடுத்தார். பத்தாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பக்கத்து ஊர்ப் பழைய சாமான் கடைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார். விற்க வந்தவனும் பிடிபட்டான்.

"பாத்தீங்களா?" என்றார் ஏட்டு.

"பாத்தேன். போயி அடையாளம் காட்டிட்டு வாங்க."

ஸ்டேஷன் முற்றத்தில் எல்லாம் வரிசையாக இருந்தது. மடத்துக்கு ரெண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் செண்பகமும் அங்கே நின்றாள். பஸ் ஸ்டாப்பில் இட்லி விற்பவள். பித்தளை இட்லிக் கொப்பரை ஒன்றைக் காட்டினாள்.

"அது என்னுது."

ஸ்டேஷன் ரைட்டர் குனிந்து பார்த்தார். "மடத்துப் பேர் இருக்கே."

"பேரு இப்ப வந்தது சார். கொப்பரை இருபது வருசமா இருக்கு. நான் மக பேறுகாலத்துக்குப் போனப்ப, குருபூஜைக்கு வேணும்னு இவங்க சமையக்காரர் வந்து வீட்டுல இருந்தவங்ககிட்ட வாங்கிட்டுப் போனார். திரும்பி வந்தா களவுங்கறாங்க. ஒரு வாரமா சின்னச் சட்டில அவிக்கேன், ஈடுக்குப் பன்னெண்டு இட்லி. பஸ்ஸுக்கு நிக்கறவன் காத்துக்கிட்டா இருப்பான்?"

"என் கையால வெட்டுனதும்மா" என்றார் ஏட்டு. "மடத்துச் சாமான் அறையில இருந்துச்சு."

"கும்பிட வந்தா என் செருப்பும்தான் உங்க வாசல்ல கெடக்குது. அதுலயும் வெட்டுவீங்களா?"

நின்றிருந்த கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

"மூடியத் திருப்பிப் பாருங்க. கைப்பிடி கழண்டு, எங்க வீட்டுக்காரர் சைக்கிள் நட்டு போட்டு முடுக்கியிருப்பார்."

ஏட்டு மூடியைத் திருப்பினார். நட்டு இருந்தது. பெயர் வெட்டிய அன்று அதில் விரல் இடித்ததும் ஞாபகம் வந்தது.

ரைட்டர் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். "ஏட்டையா, உங்க பட்டியல்ல ஒண்ணு தப்புன்னா மொத்தமும் தப்பும்பான் எதிர் வக்கீல். கேஸ் முடியறவரை எல்லாம் இங்கயே கெடக்கும். பேசாம அத்தனையும் மடத்துதுன்னே வாங்கிட்டுப் போங்க. வெளிய வச்சு அதை அந்தம்மா கையில குடுத்துருங்க."

செண்பகத்துக்குக் காது நன்றாகவே கேட்டது.

"வெளிய வச்சு வாங்க மாட்டேன். மடத்துச் சாமானுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னா, பாவம்னு விட்டுக்குடுத்தாங்கன்னு தெருவே பேசும். அந்தப் பேரோட நான் யாருக்கு இட்லி விக்க?"

ஏட்டு, வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மடத்துக்குத் திரும்பினார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

"கொப்பரை யாருது?"

"அவளுதுதான்."

"பிறகென்ன?"

"பட்டியலை மாத்தினா நம்ம சாமான் ஒண்ணும் இப்போதைக்கு வராது. அன்னதானத்துக்கு அண்டா கெடையாது."

"மண்பானைல பொங்குவோம்."

ஏட்டு நகரவில்லை. தூணைப் பிடித்தபடி நின்றார். ஆய்ந்த கீரை முறத்தில் குவிந்துகொண்டிருந்தது.

"முப்பது வருசம் திருடனுக்குப் பின்னால ஓடினவன் நான்" என்றார் கடைசியில். "எனக்கு சல்யூட் அடிச்ச பயலுக முன்னால நின்னு, அடுத்தவ பொருளை எங்களுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்னு எழுதணும். கவனப் பிசகு அம்மை, வேற என்ன? திருடினவன் உள்ள இருக்கான். அவனும் நானும் ஒண்ணா?"

அம்மை ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். முற்றல். தள்ளிப் போட்டார்.

"ஒண்ணு இல்ல, ஏட்டையா. அவன் எடுத்ததோட சரி. பேர் வெட்டல."

ஏட்டு கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, செண்பகத்தை ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போனார்.