ஏழு வளைவுப் பானைகள்

முன்பு ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பேர் தெரியாமல் போனால் கதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ராஜ்யத்தில் ஒரு மன்னர், ஒரு விகடன், ஓர் ஆறு. ஆற்றுக்கு வெள்ளாங்கி என்று பேர். விகடனுக்குக் குப்பாண்டி என்று பேர். மன்னருக்கு மீசைதான் எல்லாம்.

தினமும் காலையில் மன்னர் படித்துறைக்கு வருவார். கடைசிப் படியில் குந்தி, தண்ணீரில் முகம் பார்த்து மீசையை முறுக்குவார். அரண்மனையில் கண்ணாடிகள் இல்லாமல் இல்லை. அவையும் அமைச்சர்களைப் போலத் தம்மைப் புகழ்கின்றனவோ என்று அவருக்குச் சந்தேகம். ஆற்றைத்தான் நம்பினார்.

ஆடி பிறந்த நாலாம் நாள் மழை பெய்தது. மறுநாள் மன்னர் குனிந்தார். முகம் இல்லை. ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. போன வருஷமும் கொஞ்சம் கலங்கியதுதான். இவ்வளவு இல்லை.

ஈரக் காலோடு சபைக்கு வந்தார்.

"என் முகத்தைக் காணோம். எடுத்தது யார்?"

பிரதானி அனந்தப்பர் எழுந்தார். அவர்தான் மன்னருக்கு அடுத்த அதிகாரம்.

"மலைக்குடிகள், மன்னா. காட்டை எரித்து வரகு விதைக்கிறார்கள். மண் இறங்கி ஆற்றில் விழுகிறது. மேலே ஆற்றின் முதல் மூன்று வளைவுகளிலும் இருக்கும் குடிகளைக் கீழே இறக்கிவிட்டால் ஆறு தெளிந்துவிடும்."

"இறக்கிவிடுங்கள்" என்றார் மன்னர்.

முந்நூறு குடிகள். ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. எழுத்தர் ஓலையை எடுத்தார்.

குப்பாண்டி தூணோரம் நின்றிருந்தான். புதுத் தூண். இந்த மண்டபமே புதிது. இதற்காகத்தான் மூன்று வருஷத்துக்கு முன் மூன்றாம் வளைவுக்குக் கீழே இருந்த சரிவில் தேக்கு முழுவதையும் வெட்டினார்கள். வெட்டும் முன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளச்சி என்று பேர். மூன்றாம் வளைவுக் குடிகளுக்கு அவள்தான் தலைவி, மூப்பச்சி. ஒரு தேக்கிலையில் மண்ணைப் பொதிந்து கொண்டுவந்து மன்னர் முன் வைத்தாள். "மரத்தை எடுத்தா இது எறங்கி வரும் சாமி" என்றாள்.

மன்னர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அந்த நேரத்தில் குப்பாண்டி சொன்னான்: "மன்னா, மலையே இறங்கி வருகிறதாம். வாயிற்காவலனிடம் சொல்லி வையுங்கள். உயரமான விருந்தாளி, நிலையில் தலை இடித்துக்கொள்ளப் போகிறது."

மன்னர் சிரித்தார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் குனிந்து மண்ணை இலையில் அள்ளினாள். சிந்தியதையும் விடாமல் விரலால் கூட்டி எடுத்தாள். அதைக் குப்பாண்டி பார்த்தான். பார்த்தபின்னும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, சபை பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அவன் வாய் தானாகத் திறந்தது.

"மன்னா, மலைக்குடிகள் மேல் பழி சொல்லுமுன் ஒருமுறை விசாரிக்கலாம்."

அனந்தப்பர் இதற்காகவே காத்திருந்தவர் போலத் திரும்பினார். "யாரை விசாரிப்பது? மலைக்காரன் ஆட்டுக்காரனைச் சொல்வான். ஆட்டுக்காரன் உழவனைச் சொல்வான். பொய் சொல்லாத சாட்சி ஆறு ஒன்றுதான். விகடர் வேண்டுமானால் ஆற்றைச் சபைக்கு அழைத்து வரட்டுமே."

மன்னருக்கு அது பிடித்துவிட்டது. "ஆம். ஆறு வரட்டும். ஊற்றிலிருந்து படித்துறை வரை முழு ஆறும் வரவேண்டும். வரும் வெள்ளிக்கிழமை வரை தவணை. வராவிட்டால் மலைக்குடிகளோடு நீயும் ஊரைவிட்டுப் போ."

*

ஊற்றிலிருந்து படித்துறை வரை வெள்ளாங்கிக்கு ஏழு வளைவுகள். குப்பாண்டி ஏழாவதிலிருந்து மேலே நடந்தான்.

ஏழாம் வளைவில் வயல்கள். வாய்க்கால் முறை பார்க்கும் நீர்க்கட்டி மாடக்கண்ணு மண்வெட்டியை ஊன்றி நின்றான். "மண்ணா? எல்லாம் மேல ஆட்டுக்காரனுங்க வேலைங்க. கரையை மிதிச்சே கரைச்சுப்புட்டானுவ."

ஆறாம் வளைவிலும் அதே பேச்சு. ஐந்தாம் வளைவில் ஆட்டுக் கிடை. கிடைக்குத் தலைவன் கீதாரி ராக்கன். அவன் மேலே கை காட்டினான். "காட்டைக் கொளுத்துறவன் அங்க இருக்கான். என் ஆட்டைப் பாக்குறீங்களே சாமி."

குப்பாண்டி யாரிடமும் ஒற்றுமை பேசவில்லை. ஒவ்வொருவனிடமும் ஒன்றுதான் சொன்னான். "உன் வளைவில் நீ ஒரு பானை மொண்டுகொள். பானை வாயைக் கட்டுவது உனக்குக் கீழே இருக்கிறவன். உனக்கு மேலே இருக்கிறவன் மொள்ளும்போது, நீ போய் வாய் கட்டு. கட்டினவன் கண் முன்னால்தான் சபையில் அவிழ்ப்பது."

மாடக்கண்ணு கொஞ்சம் யோசித்தான். "அப்ப மேல உள்ளவன் தில்லுமுல்லு பண்ண முடியாது?"

"முடியாது."

"நானும் பண்ண முடியாது."

"முடியாது."

"பரவாயில்ல. அவன் மாட்டுனாப் போதும்."

இப்படி, அடுத்தவன் மாட்டிக்கொள்வான் என்கிற சந்தோஷத்தில் எல்லோரும் சம்மதித்தார்கள். வெள்ளாங்கிக் கரையில் ஜனங்கள் ஒரு விஷயத்தில் ஒன்றாகத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

நாலாம் வளைவில் ஆள் இல்லை. வெட்டிய சரிவு மட்டும் இருந்தது. அடிமரங்கள், செம்மண், மழை அறுத்த பள்ளங்கள். புல்கூட இல்லை. குப்பாண்டி அதைத் தாண்ட வெகுநேரம் பிடித்தது. கால் சறுக்கிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வளைவில் வெள்ளச்சி கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. கத்தியை நிறுத்தவில்லை.

"வாங்கய்யா. மலை எப்ப வருதுன்னு கேட்டுப் போக வந்தீங்களா?"

வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சை அவன் எடுக்கவில்லை. வந்த காரியத்தை மட்டும் சொன்னான். வெள்ளிக்கிழமை, முந்நூறு குடி, பானை.

"நாலாம் வளைவுல யாரு மொள்ளுறது? அங்க குடி இல்லையே."

"அது அரண்மனை நிலம் தாயே. அரண்மனைச் சோறு தின்கிறவன் நான். நான்தான் மொள்ளணும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாம் வளைவுக்காரங்ககிட்ட நான் சொல்றேன். முதல் வளைவுக்கும் ஆள் அனுப்புறேன். ஆனா ஒண்ணு. சபையில நீங்க ஒரு வார்த்தை பகடி பேசுனாலும் என் பானையை அங்கனயே கவுத்துட்டுப் போயிருவேன். குடி போனாலும் சரி."

"பேசலை."

"உங்க வாய் கேக்குமா?"

அதற்குப் பதிலாகத் தோன்றியது நல்ல பகடி ஒன்று. அவன் அதை விழுங்கினான்.

புதன்கிழமை மழை பெய்து விட்டபின், வெயில் தண்ணீரைத் தொட்டதும் மேலிருந்து கீழாக ஏழு இடத்திலும் ஒவ்வொன்றாக மொண்டார்கள். ஏழாவதைப் படித்துறைக் காவலன் கட்டினான். மூன்றாம் வளைவில் வெள்ளச்சி பானையை நீட்டினாள். அவளுக்குக் கீழே இருப்பவன் என்ற முறையில் குப்பாண்டி வாழைச் சருகை மூடி நார் சுற்றினான். முடிச்சு விழவில்லை. அவள் நாரின் ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் கீழே இறங்கித் தன் பானையை மொண்டபோது, அதை ராக்கன் கட்டினான். ஒரே இழுப்பு. "என்ன சாமி, ஆறா இது, ஆப்ப மாவா?" என்றான்.

*

வெள்ளிக்கிழமை சபையில் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். முதல் பானை வாசலில். ஏழாவது பானை மன்னரின் காலடியில்.

"ஆறு எங்கே?" என்றார் மன்னர்.

"வந்திருக்கிறது, மன்னா. வாசலில் ஊற்று. தங்கள் பாதத்தில் படித்துறை."

அனந்தப்பர் வாய்விட்டுச் சிரித்தார். "பானைத் தண்ணீர் எப்படி ஆறாகும்?"

குப்பாண்டி அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "மன்னர் முடிசூடிய அன்று கலசத்தில் வெள்ளாங்கி நீர் வந்தது. 'ஆறு எழுந்தருளுகிறது, எல்லோரும் எழுந்திருங்கள்' என்று கட்டியம் கூறியவர் பிரதானியார். நாங்கள் எழுந்தோம். மன்னரும் எழுந்தார். அன்று வந்தது ஆறு இல்லை என்றால், அந்த முடி ஏறியது எந்த நீரால் என்று பிரதானியாரே சொல்லட்டும்."

அனந்தப்பரின் சிரிப்பு நின்றது. மன்னர் தம் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அவர் எழுந்ததும் சபை எழுந்தது. கடைசியில் அனந்தப்பரும் எழுந்தார்.

கட்டியவர்கள் கட்டவிழ்த்தார்கள். மன்னர் வாசலுக்குப் போய் முதல் பானையில் குனிந்தார். முகம் இருந்தது, மீசையோடு. இரண்டாவதில் முகத்தின் மேல் சாம்பல் மிதந்தது. "அது எங்க ஆளுக எரிச்ச சாம்பல்தான் சாமி" என்றாள் வெள்ளச்சி, கேட்காமலே. மூன்றாவதில் முகம் தெளிவாக இருந்தது.

நாலாவதில் இல்லை.

மன்னர் இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சிவப்புக் குழம்பு. ஐந்தாவதிலும் அதுதான், மேலே ஆட்டுப் புழுக்கை நாலைந்து. ராக்கன் தலையைச் சொறிந்தான். ஏழு வரைக்கும் முகம் திரும்பி வரவில்லை.

"நாலாவது யாருடையது?"

"அரண்மனையுடையது, மன்னா" என்றான் குப்பாண்டி. "இந்தத் தூண்கள் நின்ற சரிவு."

"இவர் மண்ணைக் கலக்கிக் கொண்டுவந்திருக்கிறார்" என்றார் அனந்தப்பர்.

ராக்கன் முன்னால் வந்தான். "வாய் கட்டுனது நானுங்க. கலக்கியிருந்தா விட்டிருப்பனா? இந்தப் பழி மலைக்காரன் தலையிலதான் விழணும்னு நான் நேந்துக்கிட்டு வந்தவன்."

மன்னர் தூணைப் பார்த்தார். "வெட்டும்போது ஒருவரும் தடுக்கவில்லையா?"

"தடுத்தார்கள், மன்னா" என்றார் அனந்தப்பர். குரலில் உற்சாகம் வந்துவிட்டது. "இதோ நிற்கும் இந்தப் பெண்தான் வந்தாள். தாங்கள் மனம் இரங்கும் சமயத்தில், அவளை நையாண்டி செய்து அனுப்பியவர் நம் விகடர். மறுக்கட்டும் பார்க்கலாம்."

எல்லாத் தலைகளும் திரும்பின. இப்படிப்பட்ட நேரங்களில் குப்பாண்டி எப்படித் தப்புவான் என்று சபைக்குத் தெரியும். ஆசையோடு காத்திருந்தது. அவன் நாக்கின் நுனியில் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் நல்லவை. வெள்ளச்சி பானையின் விளிம்பில் கை வைத்திருந்தாள்.

"உண்மைதான், மன்னா. நான்தான். அன்று இந்த மூப்பச்சி சொன்னது சரி, நான் சொன்னது வேடிக்கை. வேடிக்கை ஜெயித்தது. அதனால்தான் இந்தப் பானையை நானே சுமந்து வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. மறுப்பான் என்று நம்பி அடுத்த வார்த்தையைத் தயாராக வைத்திருந்த அனந்தப்பர், வைத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

மன்னர் நாலாம் பானையில் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார். "மலைக்குடிகள் மலையிலேயே இருக்கட்டும். அந்தச் சரிவு இனி ஏழு வளைவுகளுக்கும் பொது. கல் வரப்பு போடுவதும் மரம் நடுவதும் ஏழு பேரும் கூடிச் செய்யட்டும். ஏழு பேரும் தலையாட்டாமல் அங்கே கோடரி ஏறக்கூடாது, என்னுடையதும்தான். சரிவில் புல் முளைக்கும் வரை மேற்பார்வைக்குப் பிரதானியார் அங்கேயே குடிசை போட்டுத் தங்கட்டும். ஒருவரையாவது இடம் மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டாரே."

இதைச் சொன்னதும் தம் சொல் தமக்கே பிடித்துப்போய் மன்னர் லேசாகச் சிரித்தார். பட்டுச் சால்வை ஒன்றை வரவழைத்தார்.

"ஆற்றையே கொண்டுவந்தாய், குப்பாண்டி. ஆனால் இன்று முழுவதும் ஒரு விகடம்கூட இல்லை. சபைக்கு ஒன்று சொல். பிறகு சால்வை."

சபை முன்னால் சாய்ந்தது. குப்பாண்டி வெள்ளச்சியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் கை எங்கே இருக்கும் என்று தெரிந்தது.

"இன்று இல்லை, மன்னா."

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "விகடனுக்கு விகடம் இல்லையாம்! கேட்டீர்களா?" சபையும் சேர்ந்து சிரித்தது. தூண்கள் அதிர்ந்தன. கண்ணில் நீர் வர வர, மன்னர் தம் கையாலேயே சால்வையைப் போர்த்தினார். குப்பாண்டி தலை குனிந்து வாங்கிக்கொண்டான். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அடக்கம் என்று சபை மெச்சியது.

வெளியே படிக்கட்டில் மற்ற ஆறு வளைவுக்காரர்களும் அதற்குள் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த மழைக்கு யார் எங்கே மொள்வது, யார் வாய் கட்டுவது, கல் வரப்புக்கு எவன் எத்தனை ஆள் தருவது.

"நாலாம் வளைவுக்கு ஆள் வேணுமே" என்றான் மாடக்கண்ணு. "பிரதானியை நம்பியா விடுறது?"

வெள்ளச்சி பேர் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பின்னால் சால்வையோடு இறங்கி வந்துகொண்டிருந்தவனை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள்.