இருபத்திரண்டில் எட்டு

“எட்டுக் கேள்வியை விடச் சொல்றீங்க. எந்த எட்டை விடறது, சார்?” என்று கோகிலவாணி கேட்டாள்.

யுகேந்திரன் அவள் தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்தவருடைய தாளை எடுத்தான்.

அவனுக்கு இருபத்தாறு வயது. அவளுக்கு முப்பத்தொன்பது. சேலம் ஐந்து ரோட்டில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், மேலாண்மைப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு அவன் பயிற்சி கொடுத்தான். பத்தொன்பது பேர் படித்தார்கள். பதினெட்டுப் பேர் அவனைவிடச் சின்னவர்கள். மீதி ஒருத்தி அவள்.

அவள் அவனை சார் என்றாள். அவன் அவளை அக்கா என்றான். மாற்றிக்கொள்ளலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

தேர்வின் கணக்குப் பகுதி நாற்பது நிமிடம். கேள்விகள் இருபத்திரண்டு. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தப்பான விடைக்கு ஒன்று போகும். தொடாத கேள்விக்கு வரவும் இல்லை, போக்கும் இல்லை. பதினான்கைச் சரியாகப் போட்டு எட்டை விட்டுவிட்டால் போதும், நூற்றில் தொண்ணூற்றைந்து பேரை முந்திவிடலாம். அவள் விரும்பிய கல்லூரி அந்தத் தொண்ணூற்றைந்துக்கு மேல்தான் கூப்பிடும்.

கோகிலவாணி முப்பத்தொரு மாதிரித் தேர்வு எழுதியிருந்தாள். முப்பத்தொன்றிலும் முதல் கேள்வியில் தொடங்கி வரிசையாகப் போனாள். ஒன்பதாவதில், மிஞ்சிப்போனால் பத்தாவதில், நேரம் தீர்ந்துவிடும். போட்டது அத்தனையும் சரி. தாண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை.

பின்பாதியில் சுலபமான கேள்விகள் உண்டு என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

இது அவளுக்கு மூன்றாவது வருஷம். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில், நாற்பது வயதுக்குள் மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வருஷம் வேலையைக் காத்து வைப்பார்கள். நாற்பது முடிந்தால் அந்தப் பேச்சே இல்லை.

நாலாவது வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

*

அடுத்த வகுப்பில் அவன் ஒரு புதுத் தாளை அவள் முன் வைத்தான்.

“போட வேண்டாம் அக்கா. விடப்போற எட்டுக்கு மட்டும் வட்டம் போட்டுக் கொடுங்க. பத்து நிமிஷம்.”

பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தான். வட்டம் ஒன்றும் இல்லை. ஓரத்தில் மூன்று விடைகள் இருந்தன.

“இது என்ன?”

“படிச்சுட்டேன் சார். படிச்சப்புறம் எப்படி விடறது?”

“ஏன்?”

“எதிர்ல வந்து நின்னு கேட்கிற மாதிரி இருக்கு.”

பக்கத்து மேசையில் இருந்த ஃபர்ஹானா சிரித்தாள். “அக்கா, அது கணக்கு. பொண்ணு பார்க்க வந்தவங்க இல்ல. காபி கொடுக்காமயே அனுப்பலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்தாள். யுகேந்திரன் அந்த மூன்று விடைகளையும் சரிபார்த்தான். மூன்றும் சரி. தாளை மடித்து அவளிடமே கொடுத்தான்.

*

முப்பத்திரண்டாவது மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி கதவருகில் வந்து நின்றார்.

“ஏம்மா, பல் டாக்டர் இங்கதானா?”

பதினெட்டுத் தலைகள் நிமிரவில்லை.

“மூணாவது மாடிங்க ஐயா. ஏறினதும் வலது பக்கம்,” என்றாள் கோகிலவாணி. “அஞ்சு மணிக்குத்தான் வருவார். வெளியில பெஞ்சு இருக்கு, உட்காருங்க.”

அவர் போனார். திரும்பி வந்தார்.

“லிப்ட் இருக்காம்மா?”

“இல்லீங்க. கைப்பிடி ஆடும். சுவரோரமாப் போங்க.”

நேரம் முடிந்ததும் யுகேந்திரன் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி என்று எழுதியிருந்தது.

“வலியோட நிக்கிறார் சார். பாவம்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.” அவன் நோட்டை மூடினான். “ஆஸ்பத்திரியில உங்களுக்கு என்ன வேலை அக்கா?”

“விசாரணை. நுழைஞ்சதும் கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்திருப்பேன்.”

“எத்தனை வருஷமா?”

“பதினேழு.”

“ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பாங்க?”

“இருநூறு. திங்கட்கிழமைன்னா இருநூத்தி முப்பது.”

“பதில் சொல்லாம எத்தனை பேரை அனுப்பியிருக்கீங்க?”

அவள் நிதானமாக யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது என்று பதினேழு வருஷத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தரைக்கூட இல்ல.”

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அவன் பாராட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஜன்னலைச் சாத்த எழுந்து போனான்.

*

அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவன் இந்தத் தேர்வில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் வாங்கியவன். நாலு பெரிய கல்லூரிகள் கூப்பிட்டன. ஒன்றுக்கும் போகவில்லை.

“ஏன் சார் போகல?” என்று அவள் ஆடி மாதம் ஒருநாள் கேட்டாள்.

“ஏழாவது கணக்கைப் பாருங்க,” என்றான்.

ஆவணியில் இரண்டு முறை கேட்டாள். கரும்பலகையைத் துடைத்தான். புரட்டாசியில் கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்தான்.

ஐப்பசியில் ஐந்தாவது முறை கேட்டாள். அவன் அடுத்த கணக்கின் எண்ணைச் சொன்னான்.

அன்று பேருந்தில் அவளுக்குக் கோபம் பொங்கியது. அஸ்தம்பட்டி வரும்வரை பொங்கியது. இது என்ன மரியாதை? வயசில் மூத்தவள், ஐந்து முறை கேட்டிருக்கிறாள். தெரியாது என்றாவது சொல்லலாம். உனக்கு என்ன என்றாவது சொல்லலாம். அவளுடைய கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றிருந்தால், இவனுக்கு அவள் இப்படிச் செய்திருப்பாளா?

நடத்துநர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். சொன்னாள்.

பிறகு அவன் முகம் நினைவுக்கு வந்தது. அவள் கேட்டதும் அவன் வாய் லேசாகத் திறந்தது. பிறகு வாய் மூடியது. அடுத்த கணக்கின் எண்ணைச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஐந்து முறையும் அப்படியேதான் நடந்தது. ஐந்தாவது முறைதான் அவள் அதைக் கவனித்திருக்கிறாள்.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். திரும்பி நடந்தாள்.

*

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று அவளை மட்டும் முன்கூட்டி வரச் சொல்லியிருந்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. எதிர் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான்.

“இன்னிக்கு நடுநடுவுல நான் பேசுவேன் அக்கா.”

“பரீட்சையில யாரும் பேசமாட்டாங்களே சார்.”

“பேசமாட்டாங்க.”

கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான். நாற்பது நிமிடம் ஓடத் தொடங்கியது.

மூன்றாவது நிமிடத்தில் கேட்டான். “உங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எந்த மாடி?”

“தரைத்தளம், மருந்துக்கடைக்குப் பக்கத்துல.” சொல்லி முடித்த பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

அவன் நோட்டில் ஒரு கோடு போட்டான்.

ஏழாவது நிமிடம். “பார்க்க வர்றவங்களை எப்போ விடுவாங்க?”

“நாலிலிருந்து...” நிறுத்தினாள். பாதிப் பதில் வெளியே போய்விட்டது. அவன் அரைக் கோடு போட்டான்.

பதினொன்றாவது நிமிடம். “குழந்தை டாக்டர் இன்னிக்கு இருக்காரா அக்கா?”

அவள் உதட்டைக் கடித்தாள்.

காது சுட்டது. யாரையோ வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி முதுகு கூசியது. தாளில் ஐந்தாவது கேள்வி, இரண்டு குழாய்களும் ஓட்டைத் தொட்டியும். படித்தாள். நீளமான கேள்வி. நாலு நிமிடமாவது ஆகும். ஆறாவதற்குப் போனாள்.

வாழ்க்கையில் முதல்முறை. ஒன்றும் நடக்கவில்லை. தொட்டி அங்கேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவதை விட்டாள். பத்தாவதைப் போட்டாள். பதினொன்றையும் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் போட்டாள்.

“வீட்டுல ரெண்டு வருஷம் யார் சமைப்பாங்க?”

அவள் பேனா நின்றது. இதற்கு அவளிடம் பதில் இருந்தது. கணவர் மனோகரன் நன்றாகவே சமைப்பார், சாம்பாரில் உப்பு மட்டும் கூடும். மாமியாருக்கு அதில் சம்மதம் இல்லை. சம்மதம் வாங்க அவள் என்னென்ன சொல்லியிருக்கிறாள் என்பது ஒரு பெரிய கதை.

பேனா நகர்ந்தது. பதின்மூன்று.

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ கண் சோதிக்கும் எழுத்துப் பலகையை உரக்கப் படித்தார்கள். அதையும் கேட்டும் கேட்காமல் இருந்தாள். பதினாறு வரை வந்துவிட்டாள். முப்பத்திரண்டு தேர்வில் இத்தனை தூரம் வந்ததில்லை. இங்கே கேள்விகள் சின்னச் சின்னதாக இருந்தன. இரண்டு வரி, ஒரு வரி. யாரும் வராத தெரு மாதிரி இருந்தது.

இருபத்தெட்டாவது நிமிடத்தில் அவன் குரல் வந்தது. இந்த முறை அது வகுப்புக் குரலாக இல்லை.

“அக்கா, நீங்க எதுக்கு அந்தக் காலேஜுக்குப் போக ஆசைப்படறீங்க?”

அவள் நிமிர்ந்தாள்.

அவன் நோட்டு மூடியிருந்தது. கோடு போட அவன் பேனாவைப் பிடித்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். பதினேழு வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளுக்கு அந்த முகம் தெரியும்.

மனோகரன் எப்போது என்று கேட்டிருக்கிறார். மாமியார் யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். மருத்துவமனை வயது கேட்டது. இந்த வயசில் எதற்கு என்றவர்கள் நிறைய. அவர்கள் பதிலுக்காக நின்றதில்லை.

நின்று கேட்டவன் இவன் ஒருவன்.

பதில் அவளிடம் தயாராக இருந்தது. அந்தக் கல்லூரி விடுதியில் ஆளுக்கு ஓர் அறை. பத்தடிக்கு எட்டடி. ஒரு கட்டில், ஒரு மேசை, வேப்பமரம் தெரிகிற ஒரு ஜன்னல். படத்தில் பார்த்திருக்கிறாள். தாய்வீட்டில் இரண்டு தங்கைகளோடு ஒரே பாயில் படுத்தாள். அங்கிருந்து நேராக மாமியார் வீடு. தன் பெயருக்கு என்று ஒரு சாவி அவள் கையில் இருந்ததே இல்லை. உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம். ஒன்றே ஒன்று.

முழுப் பதிலும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

அவள் வாய் லேசாகத் திறந்தது.

யுகேந்திரன் காத்திருந்தான்.

கடிகாரத்தில் பதினொரு நிமிடம் இருபது விநாடி மீதி இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். கண் நிறைந்துவிட்டது, பதினேழாவது கேள்வியில் இருந்தது ஏழா ஒன்றா என்று தெரியவில்லை. துடைக்க நேரம் இல்லை. அதை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனாள்.