சத்தமும் அசைவும் பிரியாத பள்ளிக்கூடம்

தும்பைக்குளத்துக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்த ஊர் ஆரம்பப் பள்ளியின் ஆசிரியர்கள் மூன்று பேரும் இதில் ரொம்பச் சிக்கனம்: தலைமையாசிரியர் நாகலிங்கம், கோமளா டீச்சர், இருளப்பன் வாத்தியார்.

அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் முப்பத்திரண்டு குழந்தைகள். அதில் செவ்வந்திக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் வடிவின் மகள் அவள். அம்மாவும் மகளும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். கட்டை விரலை வாயருகே சாய்த்தால் தண்ணீர். வயிற்றைத் தொட்டால் பசி.

ஒருநாள் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், செவ்வந்திக்கு இந்தப் பள்ளி ஒத்துவராது என்று தோன்றினால் எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார் என்று போட்டிருந்தது.

"அஞ்சு வயசுப் புள்ள சார். அங்க பயந்துக்கிட்டா யார்கிட்ட போய்க் கையைக் காட்டும்?" என்று வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மூன்று ஆசிரியர்களும் அழுதுவிட்டார்கள். முட்டாள்கள்தான், கல்நெஞ்சக்காரர்கள் இல்லை.

உடனே நாகலிங்கம் டவுனுக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"புது முறை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம், ஒரு அசைவு. 'க'ன்னா காக்கா மாதிரி ரெக்கை அடிக்கணும். 'த'ன்னா தவளை மாதிரி குதிக்கணும். 'ம'ன்னா மாடு மாதிரி முட்டணும். கேக்கிற புள்ள சத்தத்தைப் பிடிச்சுக்கும், கேக்காத புள்ள அசைவைப் பிடிச்சுக்கும். கூடவே செவ்வந்தியோட கைமொழியையும் எல்லாரும் கத்துக்கணும்."

"அவ்வளவுதானா சார்?" என்றார் கோமளா டீச்சர்.

"பயிற்சி கொடுத்த அம்மா ரெண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னாங்க. ஒண்ணு, சத்தமும் அசைவும் ஒருநாளும் பிரியக் கூடாது. ரெண்டு, அந்தப் புள்ள கை என்ன செய்யுதோ அதையே நாமளும் செய்யணும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு தப்பு நடக்குமா?

மறுநாள் காலை செவ்வந்தி தலையைச் சொறிந்தாள். முப்பத்தொரு குழந்தைகளும் மூன்று ஆசிரியர்களும் தலையைச் சொறிந்தார்கள். அவள் மூக்கில் விரலை விட்டாள். இருளப்பன் ஒரு கையால் தானும் அப்படியே செய்துகொண்டு, மறு கையால் நோட்டில் எழுதினார்: 'மூக்கில் விரல். பொருள் விளங்கவில்லை. ஆழமான சொல்லாக இருக்கலாம்.'

மதியம் கோமளா டீச்சர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கதவைத் திறங்க" என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்து 'க'. டீச்சர் இரண்டு ரெக்கைகளையும் விரித்து அடித்தார், வாளி கீழே போய்விட்டது. அடுத்த எழுத்து 'த'. சாம்பாரிலேயே குதித்தார். அன்று எல்லோரும் மோர் சாதம் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் இருளப்பனைத் தெருவில் ஒரு மாடு முட்டியது. அசைவு வந்துவிட்டது, சத்தம் வர வேண்டாமா? விழுந்த இடத்திலிருந்தே 'ம' என்றார். தூக்கிவிட வந்தவர்களிடம், "மாடு சரியா செஞ்சுது. சத்தம்தான் கொடுக்கல" என்றார்.

இருந்தாலும் ஒரு சிக்கல் இருந்தது. மறுநாள் ஆசிரியர் கூட்டம் கூடியது.

"போர்டுல எழுதணும், அசைவு காட்டணும், சத்தமும் கொடுக்கணும். இருக்கிறதோ ரெண்டு கை" என்றார் நாகலிங்கம்.

"சாக்பீஸை வாயில வெச்சுக்கலாமே சார்?"

"அப்ப சத்தம் எங்கேருந்து வரும் டீச்சர்?"

"நான் போர்டுல எழுதுறேன். நீங்க சத்தம் கொடுங்க. இருளப்பன் சார் அசைவு காட்டட்டும்."

இருளப்பனுக்கு முகம் வாடிவிட்டது. "சத்தமும் அசைவும் பிரியக் கூடாதுன்னு சொன்னாங்களே. நான் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம் நின்னா பிரிஞ்ச மாதிரிதானே?"

நாகலிங்கம் எழுந்து போய்க் கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தார்.

அன்று முதல் இருவர் இடுப்பும் ஒரே கயிற்றில். 'த' வந்தால் இருளப்பன் குதிப்பார், தலைமையாசிரியர் பின்னாலேயே இழுபட்டுப் போய்ச் சுவரில் மோதி 'த' என்பார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவ்வந்திதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். இப்படி ஒரு பாடத்தை யாரால் மறக்க முடியும்? ஒரே மாதத்தில் இருளப்பன் குதித்தாலும் முட்டினாலும் அதற்கான எழுத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். மற்ற குழந்தைகள் அவளோடு கைமொழியிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். அதிகாரி அப்போதே வந்திருந்தால் கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும்.

அவருக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'ஆய்வு நேரத்தில் யாரும் குழந்தைக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.'

"யாரும்னா நாம மட்டுமில்ல, மத்த புள்ளைங்களும்தான்" என்றார் நாகலிங்கம்.

"எதுவும்னா எல்லாமும்தான்" என்றார் கோமளா டீச்சர்.

"வாயால சொன்னாலும் சொல்றதுதான், கையால சொன்னாலும் சொல்றதுதான்" என்றார் இருளப்பன். "திரும்பிப் பார்த்தாக்கூட ஜாடை காட்டின மாதிரி ஆயிடும். எதுக்கு வம்பு?"

முப்பத்தொரு குழந்தைகளுக்கும் பயிற்சி நடந்தது: வாயை மூடு, கையைக் கட்டு, நேராகப் பார். செவ்வந்திக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் எதுவும் சொல்லக் கூடாதே!

அதிகாரி வந்தார். "வணக்கம்" என்றார். வகுப்பு சுவரைப் பார்த்தது. "உன் பேர் என்னம்மா?" என்று முதல் வரிசையில் ஒரு குழந்தையிடம் கேட்டார். பதில் இல்லை. "சார், இதுல செவ்வந்தி யாரு?" நாகலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு, கயிற்றின் இந்த முனையில் கம்பீரமாக நின்றார். மறு முனையில் இருளப்பன் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வடிவு வாயைப் பொத்தியபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. வகுப்பின் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போட்டார். ஊருக்கே கேட்டிருக்கும். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. தட்டு உருண்டு உருண்டு செவ்வந்தியின் காலடியில் போய் நின்றது. அவள் அதை எடுத்துத் தூசி தட்டி, அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாக்பீஸ் தூளில் அதிகாரி இருமினார். அவள் கட்டை விரலை வாயருகே சாய்த்துக் கேட்டுவிட்டு, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு போர்டில் 'க' எழுதி ரெக்கை அடித்தாள். 'ம' எழுதி, அதிகாரியை மெதுவாக ஒரு முட்டு முட்டினாள்.

அதிகாரி அவள் சிலேட்டில் இருந்த பெயரைக் குறித்துக்கொண்டார். நன்றாகப் படித்தவர். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். பத்து நாளில் அறிக்கை வந்தது. நாகலிங்கம் உரக்கப் படித்தார்.

"'இப்பள்ளியில் காது கேட்கும் ஒரே நபர் செவ்வந்தி. ஏனைய முப்பத்தொரு குழந்தைகளும் மூன்று ஆசிரியர்களும் காது கேளாதவர்கள். அவர்களின் நலன் கருதி இக்குழந்தை இங்கேயே தொடர்ந்து படிக்க வேண்டும்.'"

வடிவு மகளைத் தூக்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். ஆசிரியர்கள் மட்டும் கவலையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கவர்ன்மெண்ட் தப்பா எழுதுமா?" என்றார் நாகலிங்கம்.

"எழுதாது சார்."

"இப்ப நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா டீச்சர்?"

"கேக்கல சார்."

"இருளப்பன், உங்களுக்கு?"

"எனக்கும் கேக்கல சார். டீச்சர் கேக்கலன்னு சொன்னாங்களே, அதுவும் கேக்கல."

தும்பைக்குளம் பள்ளியில் மணி அடிப்பது இன்றைக்கும் இருளப்பன்தான். நாலு மணிக்கு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கை வலிக்க அடிப்பார். அடித்து முடித்ததும் ஒன்றாம் வகுப்புக்கு ஓடிவந்து, மணி அடித்துவிட்டதா என்று செவ்வந்தியிடம் கையால் கேட்பார். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால்தான் பள்ளிக்கூடம் விடும்.