நாவல் பழத்தை மறக்காத மருவி

ஒரு காட்டில், நாவல் மரத்தின் வேர்களுக்கு நடுவே சிறு குட்டை ஒன்று இருந்தது. மான் ஒருமுறை வாய் வைத்தால் பாதித் தண்ணீர் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் அது. குழந்தைகளே, அந்தக் குட்டையில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் ஆயிரமாயிரம் வாழ்ந்தன. மருவியும் துழாவியும் அவற்றில் இருவர்.

இருவரும் முன்பு ஓருயிராக இருந்தவர்கள். அப்போது ஒரு நாவல் பழம் தண்ணீரில் விழுந்து உடைந்தது. அந்தச் சாற்றைக் குடித்துக் கொழுத்துத்தான் அந்த ஓருயிர் இரண்டாகப் பிரிந்தது. ஆகையால் அதன் ருசி இருவர் நினைவிலும் ஒரே மாதிரி இருந்தது.

பாக்டீரியாவுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. மேல்தோலில் ஏற்பிகள் என்னும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதை அவையே தொட்டறிந்து சொல்லும். சற்றுமுன் இருந்ததைவிட இனிப்புக் கூடினால் பாக்டீரியா வாலைச் சுழற்றி நேராகப் போகும். குறைந்தால் ஒரு குட்டிக்கரணம் போட்டு வேறு பக்கம் திரும்பும்.

பழம் கரைந்து கொட்டை மட்டும் மிஞ்சியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

"மருவி, இங்கே இனிப்புத் தீர்ந்துவிட்டது. என் ஏற்பிகள் போகச் சொல்கின்றன," என்றாள் துழாவி.

"எங்கே போவது? நாம் ஒன்றாக இருந்த இடம் இதுதானே," என்றாள் மருவி.

துழாவிக்கும் மனம் வரவில்லை. இருவரும் கொட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பழைய கதை பேசினார்கள்.

அதைக் கேட்டபடி ஓர் அமீபா ஊர்ந்து வந்தது. அதற்கு நல்ல பசி. ஆனால் வாலுள்ள பாக்டீரியாவைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்கு இல்லை.

"அந்தப் பழத்தை ருசிக்க நான் கொடுத்துவைக்கவில்லை. எப்படி இருந்தது, சொல்லுங்களேன்," என்றது அமீபா.

இப்படி ஒருவரும் கேட்டதில்லை. மருவி ஆசையாகச் சொல்லத் தொடங்கினாள். பழம் விழுந்ததும் குட்டையே குலுங்கியதாம். முதலில் மெல்லிய இனிப்பு, பிறகு நாலாபக்கமும் இனிப்பு. அன்றைக்கு எந்தப் பக்கம் நீந்தினாலும் தவறே இல்லையாம். துழாவியும் தன்னை மறந்து கேட்டாள்.

திடீரென அவளுடைய ஏற்பிகள் சுருக்கென்றன.

"மருவி, ஏதோ கசக்கிறது."

அமீபா முந்திக்கொண்டது. "துவர்ப்பில்லாத நாவல் பழம் உண்டா, பெண்ணே?"

"ஆமாம், அப்போதும் துவர்த்ததே. உனக்கு நினைவில்லையா?" என்றாள் மருவி.

நினைவிருந்தது. ஆனால் அந்தத் துவர்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தக் கசப்போ, அமீபா நெருங்க நெருங்க, நொடிக்கு நொடி கூடிக்கொண்டே வந்தது. துழாவி குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினாள்.

"மருவி, வந்துவிடு."

"இரு, நாம் பிரிந்த கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. அமீபாவின் மெத்தென்ற உடல் இரு பக்கமும் வளைந்து வந்து அவளை மூடிக்கொண்டது.

துழாவி நீந்தினாள். கசப்புக் குறையக் குறைய நேராகவே நீந்தினாள். மறுகரையில் அத்திப்பழம் ஒன்று உருண்டு வந்து கிடந்தது. அவள் அறியாத புது இனிப்பு அது. வேண்டிய மட்டும் குடித்தாள்.

வயிறு நிறைந்ததும் நாவல் பழத்தைப் பற்றிப் பேச வேண்டும்போல இருந்தது. அவளோடு ஓருயிராக இருந்து அதைக் குடித்தவள் அருகில் இல்லை.

நீதி: பழைய இனிமையை நினைத்து மகிழலாம்; ஆனால் இப்போது உன் உணர்வு சொல்வதைக் கேட்டு நட.