குட்டைக் கூண்டும் சீமைத் தக்காளியும்

செங்கழனியை ஆண்ட உத்தண்டராயருக்குப் படை நடத்தத் தெரியாது, பஞ்சாயத்துப் பேசத் தெரியாது; ஆசைப்பட மட்டும் நன்றாகத் தெரியும். அந்த வருஷம் அவருக்குச் சீமைத் தக்காளி மேல் ஆசை வந்தது. கப்பல் வியாபாரி ஒருவன் கொடுத்த விதையை அரண்மனை மொட்டைமாடியில் மண்தொட்டிகளில் போட்டார். இரண்டுதான் முளைத்தன. சாயாமல் இருக்கச் செடிக்கொரு மூங்கில் கூண்டு. கூண்டின் உயரத்தை ராஜாவே சொன்னார். இடுப்பளவு.

ராஜாவின் இடுப்பளவு செடிக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. கூண்டைத் தாண்டித் தலை நீட்டி, ஆள் உயரம் போய், கொத்துக் கொத்தாய்க் காய்த்து, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி ஒரு பக்கமாய்ச் சரிந்தது. தோட்டக்காரன் பதறிப்போய் ஒரு செடிக்குக் கம்பு அடித்தான். வேர் அறுந்தது. செடி செத்தது. ராஜா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் சபையில் உத்தரவு போட்டார். "மிச்சமிருப்பது ஒரே செடி. அந்தத் தொட்டியில் ஒரு குச்சிகூட ஊன்றக் கூடாது. கொழுந்தைக் கிள்ளக் கூடாது. என் கூண்டில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் செடி நேராக நிற்க வேண்டும்!"

பிரதானி மெய்யப்பர் எழுந்தார். "அருமையான கூண்டு, மகாராஜா! அதில் ஒரு குறையும் இல்லை. செடிதான் மரியாதை தெரியாமல் வளர்ந்துவிட்டது."

சபை விகடன் ஆலவாயன் களுக்கென்று சிரித்துவிட்டான். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. அது அவனுக்கு ஒரு வியாதி.

மெய்யப்பர் இதற்காகவே பல நாளாய்க் காத்திருந்தவர். "சிரிக்கிறவருக்கு வழி தெரிந்திருக்கும், மகாராஜா. சாயங்காலம் தங்கள் சம்பந்தி செடியைப் பார்க்க வருகிறார். அதற்குள் இவர் நிமிர்த்தட்டும். முடியாவிட்டால் ஊரை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

ஆலவாயன் மாடிக்கு ஓடினான். செடியைக் கூண்டின் விளிம்பில் படிய வைத்துப் பார்த்தான். கூண்டும் சேர்ந்து சாய்ந்தது. சுவரில் சாய்த்து வைத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பழம் விழுந்து சிதறியது. தண்டு நறநறவென்றது. தோற்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். எங்கே போவது? பக்கத்து நாட்டில் சபையில் சிரித்தால் கசையடி என்று கேள்வி.

அப்போது கீழேயிருந்து மெய்யப்பரின் குரல் கேட்டது. "மகாராஜா தும்மினால்கூட ராகம் தப்புவதில்லை!"

ஆலவாயன் எழுந்து சபைக்குப் போனான்.

"மகாராஜா, குச்சி ஊன்றக் கூடாது என்றீர்கள். முட்டுக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லையே?"

"சொல்லவில்லை."

"அரண்மனையிலேயே உறுதியான முட்டு ஒன்று இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக."

"பிரதானியாரே, வாருங்கள், போகலாம்."

"என்னையா?" என்றார் மெய்யப்பர்.

"ஆற்றில் தண்ணீரே இல்லாதபோது மகாராஜா படகுப் போட்டி வைத்தார். நீங்கள்தான் முட்டுக் கொடுத்தீர்கள். பட்டத்து யானை ஏகாதசி விரதம் இருக்கட்டும் என்றார். அதற்கும் நீங்கள்தான். அவ்வளவு பாரம் தாங்கியவருக்கு ஒரு தக்காளிச் செடி எம்மாத்திரம்?"

சபையே வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

மாடியில் தொட்டியை ஒட்டி மெய்யப்பரை நிறுத்தி, தண்டை அவர் முதுகோடு பழைய வேட்டிக் கிழிசலால் பதமாய்க் கட்டினான் ஆலவாயன். தோளில் ஒரு கொத்து, காதோரம் ஒரு கொத்து. "வளையாதீர்கள், ஐயா. ஒடிந்தால் மகாராஜா சும்மா விடமாட்டார்."

வெயில் ஏறியது. எறும்பும் ஏறியது.

சாயங்காலம் ராஜா சம்பந்தியோடு மாடிக்கு வந்தார். சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா! என்ன உயரம்! ஆனால் சம்பந்தி, கூண்டு குட்டையாக இருக்கிறதே?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "குட்டையா? மெய்யப்பரே, நீரே சொல்லும்!"

சரியாக அந்த நேரம் பார்த்து ஓர் எறும்பு மெய்யப்பரின் காதுக்குள் நுழைந்தது.

"குட்டைதான்!" என்று அலறினார். "செய்த அன்றே குட்டை! மேலே இன்னொரு கூண்டை வைத்துக் கட்டினால் வேலை முடிந்தது. தோட்டக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மகாராஜா ஒருவருக்குத்தான் தெரியாது!"

ராஜாவின் முகம் பழத்தைவிடச் சிவந்தது. ஆலவாயன் பக்கம் திரும்பினார்.

"உன்னை என்ன செய்யச் சொன்னேன்? நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்?"

"செடியை நிமிர்த்தச் சொன்னீர்கள், நிமிர்த்தினேன், மகாராஜா. பிரதானி தானாகவே நிமிர்ந்துவிட்டார்."

முதலில் சிரித்தது சம்பந்திதான். பிறகு ராஜாவால் தாங்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு கூண்டு கொண்டுவரச் சொன்னார். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி ஆலவாயனுக்குப் போட்டார். முதல் பழத்தையும் அவனுக்கே பறித்துக் கொடுத்தார். எல்லாம் ஆன பிறகுதான், பிரதானியை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.